கடன் வாங்கி ஐம்பது ஆடா, கையிலிருக்கும் நாலு ஆடா?

கேள்வி: எனக்கு மானாவாரி நிலம் ஒன்றரை ஏக்கர். நாலு வெள்ளாட்டுப் பெட்டைகள் வைத்திருக்கிறேன். போன வருடம் ஏழு குட்டி போட்டன. மழைக்காலத்தில் நாலு குட்டிகள் செத்துவிட்டன. மிஞ்சிய மூன்றில் இரண்டை, அவசரச் செலவுக்காக வாசலுக்கு வந்த வியாபாரியிடம் கொடுத்துவிட்டேன். எங்கள் குழுவில் கடன் தருகிறார்கள். ஐம்பது ஆடும், தரையிலிருந்து உயர்த்திக் கட்டும் பரண் கொட்டிலும் போட்டால் மாதச் சம்பளம் போல் வரும் என்று ஒருவர் திட்டம் எழுதிக் காட்டுகிறார். வாங்கலாமா ஐயா? மாதம் எவ்வளவு கிடைக்கும்? செம்மறி நல்லதா, வெள்ளாடா? என் ஆடுகளில் ஒன்று பல் தேய்ந்த கிழடு. அதை வைத்துக்கொள்ளவா, தள்ளிவிடவா? (ஒரு வாசகி)

பதில்: இப்போதைக்கு அந்தக் கடன் வேண்டாம் அம்மா. எப்போதுமே வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் கடிதத்திலேயே அதற்குக் காரணம் இருக்கிறது: ஏழில் நாலு குட்டி சாவு.

விலை ஊருக்கு ஊர், வாரத்துக்கு வாரம் மாறும் என்பதால் பணத்தில் கணக்குப் போடாமல் உயிர் எடையில் போடுவோம். நீங்கள் விற்ற இரண்டு குட்டிகளும் ஆளுக்குப் பதினைந்து கிலோ என்று வைத்தால், போன வருட வரவு 30 கிலோ. அதே நாலு ஆடு, அதே ஏழு குட்டி, சாவு மட்டும் ஒன்றோடு நின்றிருந்தால் ஆறு தேறியிருக்கும். ஒன்றை மந்தைக்கு நிறுத்திக்கொண்டு ஐந்தை இருபது கிலோவில் விற்றிருந்தால் 100 கிலோ. ஒரு ஆடுகூடப் புதிதாக வாங்காமல் மூன்று மடங்குக்கு மேல். இனி திட்டக்காரர் சொல்லும் ஐம்பதைப் பாருங்கள். உங்கள் இப்போதைய விகிதத்திலேயே ஈன்றால் 87 குட்டி பிறக்கும், 50 குட்டி சாகும். நெரிசல் கூடும்போது நோயும் கூடும் என்பதால் அதுவும் குறைத்துச் சொன்ன கணக்குதான். திட்டத்தாளில் “இறப்பு 5 சதவீதம்” என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியில்தான் மொத்த லாபமும் உட்கார்ந்திருக்கிறது.

தீவனத்தைப் பாருங்கள். முப்பது கிலோ எடையுள்ள பெட்டைக்கு உடல் எடையில் மூன்று முதல் நான்கு சதவீதம் உலர் தீவனம் வேண்டும். ஏறக்குறைய ஒரு கிலோ. பச்சையாகக் கொடுத்தால் நாலு கிலோ. ஐம்பது பெட்டைக்கு நாளொன்றுக்கு 200 கிலோ, வருடத்துக்கு 73 டன். குட்டிகளின் பங்கு தனி. மானாவாரி ஒன்றரை ஏக்கரில் இது விளையாது, கோடையில் அறவே விளையாது. வாங்கிப் போட்டால் ஆடு தின்பது கடனைத்தான். பயிர்க்கழிவு, வரப்பு மரத்தழை, பொது மேய்ச்சல் மூன்றையும் சேர்த்தாலும் உங்கள் நிலத்துக்கு எட்டு, அதிகம் போனால் பத்துப் பெட்டைகள்தான் அளவு. அதற்கு மேல் போனால் மேய்க்க முழுநேர ஆளும் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்ட வீட்டுப் பிள்ளையாக இருப்பதைப் பல நாடுகளிலும் பார்க்கலாம். அந்தச் செலவு எந்தத் திட்டத்தாளிலும் வராது.

மூன்றாவது, தவணை. இன்று கிடா சேர்த்தால் ஐந்து மாதத்தில் குட்டி. அது விற்கும் பருவத்துக்கு வர இன்னும் எட்டு, ஒன்பது மாதம். ஆக முதல் வரவு பதின்மூன்றாம், பதினான்காம் மாதம். கடன் தவணையோ முதல் மாதமே தொடங்கும். அதைக் கட்ட சினைப் பெட்டையைத்தான் விற்பார்கள். பெட்டை போனால் அடுத்த வருட வருமானமும் போகும். ஆட்டுக் கடன்கள் முங்கும் இடம் இதுதான். நோயில் சாவதைவிடத் தவணையில் கரையும் மந்தைகளே அதிகம் என்பது என் எண்ணம். பின்னால் எப்போதாவது கடன் வாங்கினால் குறைந்தது ஒரு வருடம் தவணை விடுப்பும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தவணையும் கேளுங்கள். தராவிட்டால் அது ஆட்டுக்கு ஏற்ற கடன் இல்லை.

மாதம் எவ்வளவு என்றால், மாதக் கணக்கில் ஒன்றும் வராது. ஆடு சம்பளம் தராது. வட்டி ஏறிக்கொண்டே இருக்கும் சேமிப்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதன் அருமை சில்லறையாக எடுக்க முடிவதில் இருக்கிறது. கால்நடைகளை ஒப்பிடப் பயன்படும் வெப்பமண்டலக் கால்நடை அலகுக் கணக்கில் ஒரு மாடு 0.7, ஒரு ஆடு 0.1. அதாவது ஒரு மாட்டுக்கு ஏழு ஆடு. பள்ளிக் கட்டணத்துக்கு மாட்டின் காலை மட்டும் விற்க முடியாது. ஏழு ஆட்டில் ஒன்றை விற்கலாம், ஆறு நிற்கும். வறட்சி வந்து போனபின் மாடு கன்று போட ஒன்பது மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும், ஆட்டுக்கு ஐந்து மாதம், அதுவும் பல நேரம் இரட்டை. ஏழை வீடுகளில் ஆடு நிலைத்து நிற்பதற்கு இறைச்சி விலையைவிட இதுவே பெரிய காரணம்.

வரவைக் கொஞ்சம் சீராக்க ஒரு வழி உண்டு. நன்றாகப் பராமரித்தால் பெட்டை எட்டு மாதத்துக்கு ஒருமுறை ஈனும். பெட்டைகளை இரண்டு அணியாகப் பிரித்து, நாலு மாத இடைவெளியில் கிடா சேர்த்தால் நாலு மாதத்துக்கு ஒருமுறை விற்கக் குட்டி இருக்கும். ஆனால் எந்த அணியின் ஈற்றும் கனமழை மாதத்தில் விழக்கூடாது. கிடா சேர்க்கும் மாதத்திலிருந்து ஐந்தை எண்ணிப் பாருங்கள். அது அடைமழையில் போய் நின்றால் ஒரு மாதம் தள்ளுங்கள். போன வருடச் சாவுகளில் பாதிக்கு இந்தத் தேதிக் கணக்கு தவறியதே காரணமாக இருக்கலாம்.

குட்டிச் சாவை விரிவாகவே சொல்கிறேன், உங்கள் லாபம் முழுக்க இங்கேதான். முதல் வேலை ஈற்றுக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குகிறது. சினைப் பெட்டைக்கு அப்போது துள்ளுமாரி (குடலில் நஞ்சு சேரும் நோய்) தடுப்பூசியின் ஊக்க ஊசி போட வேண்டும். அந்த எதிர்ப்பு சீம்பால் வழியாகக் குட்டிக்குப் போகும். முதன்முறை இந்த ஊசி போடும் ஆடு என்றால் இரண்டு, மூன்று வார இடைவெளியில் இரண்டு ஊசி. அந்தக் கடைசி மாதத்தில் தினம் 200 கிராம் தானிய, புண்ணாக்குக் கலவை கொடுங்கள். கரு பெரிதாக வளர்வதும் மடி இறங்குவதும் அப்போதுதான்.

குட்டி விழுந்ததும் மூக்கைத் துடைத்து, தொப்புள் கொடியை அயோடின் கரைசலில் முக்கி எடுங்கள். மேலே தடவினால் போதாது, முங்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் வயிற்றுக்குள் போக வேண்டும். இரண்டு கிலோக் குட்டிக்கு முதல் ஊட்டம் 100 மில்லி, முதல் நாள் முடிவதற்குள் மொத்தம் 200 முதல் 400 மில்லி. “சீம்பால் செரிக்காது, கறந்து கொட்டு” என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். குட்டி பிறக்கும்போது அதன் இரத்தத்தில் நோய் எதிர்ப்பு அறவே இல்லை. அது சீம்பாலில் மட்டும்தான் வருகிறது, குடல் அதை உறிஞ்சிக்கொள்வதும் முதல் நாள் மட்டும்தான். இரட்டையில் இரண்டாவது குட்டி காம்பைப் பிடிக்கிறதா என்று நின்று பாருங்கள். வாய்க்குள் விரல் விட்டுப் பாருங்கள். உள்ளே சில்லென்று இருந்தால் குட்டி குளிரில் இறங்கிக்கொண்டிருக்கிறது. முதலில் துணியில் சுற்றிச் சூடேற்றுங்கள், பிறகுதான் பால். சில்லிட்டுத் தலை தொங்கும் குட்டிக்குப் பாலை ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும்.

மூன்று வாரம் முதல் நாலு மாதம் வரை இரத்தம் கலந்த கழிச்சல் கண்டால் அது பெரும்பாலும் இரத்தக் கழிச்சல் நோய். குடற்புழு மருந்து அதற்குக் கேட்காது. கிருமி வேறு, மருந்து வேறு. “புழு மருந்து கொடுத்தும் செத்துப்போச்சு” என்ற புலம்பலுக்குப் பின்னால் அடிக்கடி இருப்பது இதுதான். ஈரத்தரையும் நெரிசலும்தான் அதன் விளைநிலம். காய்ந்த படுக்கை, தனிக் குட்டிப்பட்டி, தரையில் கொட்டாமல் தொட்டியில் தீவனம் ஆகிய மூன்றும் பாதி வேலையைச் செய்துவிடும். கழிச்சல் கண்ட குட்டிக்கு அன்றே உப்பு சர்க்கரைக் கரைசலும் கால்நடை மருத்துவரும் தேவை.

பரண் கொட்டில் நல்ல பொருள்தான், ஆனால் உங்களுக்கு அது கடைசிச் செலவு. பெரிய ஆட்டுக்குப் பத்து சதுர அடி, குட்டிக்கு நாலைந்து சதுர அடி, மேடான தரை, ஒழுகாத கூரை, தாழ்வான பக்கத்தில் வடிகால். எட்டு ஆட்டுக்கு இதுவே போதும். பரண் கட்டினால் தரைச் சட்டங்களுக்கு நடுவே இடைவெளி ஒன்றரை செ.மீ. தாண்டக்கூடாது, குட்டியின் கால் சிக்கும்.

புழு விஷயத்தில் செலவு குறைக்கும் ஒரு வழக்கம் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. கீழ் இமையை இறக்கி உள்ளே நிறம் பார்ப்பது. நல்ல சிவப்பு என்றால் ஒன்று, வெள்ளைத் தாள் மாதிரி வெளுத்தால் ஐந்து. மூன்றோ அதற்கு மேலோ வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து. இந்த முறை பிடிப்பது இரத்தம் குடிக்கும் வயிற்றுப்புழுவை மட்டும்தான். ஒரு புழு நாளுக்கு 0.05 மில்லி குடிக்கும் என்பார்கள். ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி. இருபத்தைந்து கிலோ ஆட்டின் உடம்பில் மொத்த இரத்தமே ஒன்றேமுக்கால் லிட்டர்தான். தாடைக்குக் கீழே பை போல் நீர் கோத்தால் தாமதிக்க நேரமில்லை. எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் ஊற்றுவதும், மருந்தை மிச்சம் பிடிக்க அளவைக் குறைத்து ஊற்றுவதும் மருந்துக்கு அடங்காத புழுவை நீங்களே வளர்ப்பதற்குச் சமம். பனி காயாத புல்லில் விடாதீர்கள். புழுவின் இளம்பருவம் புல்லின் அடி ஐந்து செ.மீ. உயரத்துக்குள்தான் திரளாக இருக்கும். தழை மேயும் வெள்ளாட்டுக்கு இதில் இயற்கையாகவே ஒரு பாதுகாப்பு உண்டு.

ஆட்டுக்கொல்லி நோய்க்கு நாலு மாத வயதில் ஒரு ஊசி போதும், சுமார் மூன்று வருடம் நிற்கும். 1942-ல் ஐவரி கோஸ்ட்டில் முதலில் பதிவான இந்த நோய் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பரவி நிற்கிறது. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் உலக விலங்கு நல அமைப்பும் 2030-க்குள் அதை ஒழிக்க இலக்கு வைத்திருக்கின்றன. மாட்டு வெக்கை நோயை 2011-ல் ஒழித்த அனுபவம் இருப்பதால் இது வெறும் ஆசையல்ல. உங்கள் அளவில் செய்ய வேண்டியது: சந்தையில் வாங்கிய ஆட்டை நேராக மந்தையில் சேர்க்காமல் 21 நாள் தனியே கட்டுங்கள். இந்த நோய் பெரும்பாலும் வாங்கிய ஆட்டோடுதான் வீட்டுக்குள் வருகிறது.

செம்மறியா வெள்ளாடா என்பதை மேய்ச்சல் நிலம்தான் சொல்ல வேண்டும். செம்மறி குனிந்து புல் மேயும், கூட்டமாகப் போகும், அறுவடை முடிந்த வெட்டவெளிக்கு ஏற்றது. வெள்ளாடு எம்பித் தழை பறிக்கும், முள்ளுக்குள் இருந்தும் இலையைப் பொறுக்கும். புதரும் வரப்பு மரமும் உள்ள இடத்துக்கு அதுதான். இரட்டைக் குட்டி வெள்ளாட்டில் அதிகம். நீங்கள் ஏற்கெனவே வெள்ளாடு தெரிந்தவர், அதிலேயே இருங்கள். இரண்டையும் சேர்த்து வளர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: வெள்ளாட்டுக்கோ மாட்டுக்கோ செய்த தாது உப்பைச் செம்மறிக்குக் கொடுக்கக்கூடாது. தாமிரம் ஈரலில் சேர்ந்து சேர்ந்து ஒருநாள் திடீரென்று கொல்லும்.

பெரிய இனக் கிடா வாங்கிக் கலக்கச் சொல்வார்கள். தென்னாப்பிரிக்காவின் போயர் கிடா எடை கூட்டும் என்பது மெய். ஆனால் பெரிய உடம்புக்குப் பெரிய தீனி வேண்டும். கோடையில் அது கிடைக்காதபோது கலப்புப் பெட்டை சினை பிடிக்காமல் நிற்கும். மேற்கு ஆப்பிரிக்கக் குட்டை ஆட்டைப் பாருங்கள். எடையில் அது எதற்கும் ஈடாகாது, ஆனால் ஈக்கள் பரப்பும் தூக்க நோய்க் கிருமியைத் தாங்கி, மற்ற ஆடுகள் பிழைக்காத இடத்தில் வருடாவருடம் குட்டி போடுகிறது. உங்கள் பகுதி ஆட்டிலேயே இரட்டையாகப் பிறந்து வேகமாக வளர்ந்த கிடாவைத் தேர்ந்தெடுங்கள். நாலைந்து வீடுகள் சேர்ந்து ஒரு கிடா வைத்தால் செலவு பங்காகும். இரண்டு வருடத்துக்குள் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் தன் மகளையே சேரும். குட்டி சிறுக்கும், சாவு கூடும்.

அடர்தீவனம் (தானிய, புண்ணாக்குக் கலவை) கொடுப்பது லாபமா என்பதை அளந்தே முடிவு செய்யலாம். ஒரு குட்டிக்குத் தினம் 200 கிராம் கூடுதலாகக் கொடுத்து ஒரு மாதம் எடை பாருங்கள். கொடுக்காத குட்டியைவிட நாளுக்கு 40 கிராம் கூடினால், ஒரு கிலோ எடைக்கு ஐந்து கிலோ தீவனம் போயிருக்கிறது. உயிர் எடை ஒரு கிலோ விலை, தீவன விலையின் ஐந்து மடங்குக்கு மேல் இருந்தால்தான் கொடுக்கலாம். தழை வகையில் வரப்பில் சூபாபுல், கிளைரிசிடியா மரங்களை நெருக்கமாக நடுங்கள். சூபாபுல் மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் முடி கொட்டும். கிளைரிசிடியாவை ஆடு முதலில் முகர்ந்துவிட்டு ஒதுக்கும். சில மணி நேரம் வாடவிட்டுப் போட்டால் பழகிக்கொள்ளும். கடலைக்கொடி, பயறுக்கொடியைக் காயவைத்துப் பரணில் ஏற்றுங்கள். எட்டு ஆட்டுக்கு நாளுக்கு அரை கிலோ வீதம் தொண்ணூறு நாள் கோடைக்கு 360 கிலோ வேண்டும்.

விற்பனையில் நீங்கள் இழந்ததும் குறைவில்லை. வியாபாரி கண்ணால் எடை போடுவார், அது எப்போதும் அவர் பக்கம் சாயும். தையல் நாடா ஒன்று போதும். காலையில் மேய விடும் முன், முன்னங்காலுக்குப் பின்புறம் ஒட்டி நெஞ்சுச் சுற்றளவு எடுங்கள். தோள் முனையிலிருந்து பின்புற எலும்பு முனை வரை நீளம் எடுங்கள். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 10,840 ஆல் வகுத்தால் கிலோ. சுற்றளவு 66 செ.மீ., நீளம் 60 செ.மீ. என்றால்: 66 × 66 × 60 = 2,61,360. வகுத்தால் 24 கிலோ. கொஞ்சம் முன்பின் இருக்கும், ஆனால் இதை “இருபது இருக்கும்” என்று முடித்தால் ஆட்டுக்கு நாலு கிலோ போகிறது. ஆறு ஆட்டில் ஒரு முழு ஆடு.

எப்போது விற்பது என்பதில் திருநாள் தேவை பெரிது. கிழக்கு ஆப்பிரிக்காவில் சோமாலிலாந்தின் பெர்பெரா துறைமுகத்தில் ஆடு ஏற்றுமதி ஹஜ் காலத்தை நோக்கியே உச்சத்துக்குப் போகும். 1998-லும் 2000-லும் ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்ற கால்நடை நோய்க்காக சவுதி அரேபியா இறக்குமதியை நிறுத்தியபோது அந்த வட்டாரத்தின் மேய்ச்சல் குடும்பங்கள் ஆட்டம் கண்டன. ஒரே வாங்குபவரை நம்பினால் வரும் ஆபத்து உங்கள் வாசல் வியாபாரிக்கும் பொருந்தும். பக்ரீத் வருடாவருடம் சுமார் பதினோரு நாள் முன்னால் நகரும். குர்பானிக்கு வெள்ளாடு ஒரு வயது நிரம்பியிருக்க வேண்டும், நொண்டியோ குருடோ கூடாது, காது பெரிதாக அறுந்திருக்கக்கூடாது. ஆகவே அடையாளத்துக்குக் காதை வெட்டாதீர்கள், கழுத்துக் கயிறு போதும். அந்தச் சந்தைக்கு விற்க நினைத்தால் பண்டிகை நாளிலிருந்து பதினேழு மாதம் பின்னோக்கி எண்ணிக் கிடா சேருங்கள்.

வறட்சியில் இரட்டை அடி விழும். எல்லோரும் விற்பதால் ஆட்டு விலை இறங்கும், அதே நேரம் தானிய விலை ஏறும். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு ஆடு விற்றால் எத்தனை கிலோ தானியம் வரும் என்பதையே பஞ்ச எச்சரிக்கைக் குறியீடாகக் கவனிக்கிறார்கள். நீங்களும் மழை பொய்த்த முதல் மாதமே கிடாக்குட்டிகளையும் மலட்டு ஆடுகளையும் விற்றுவிடுங்கள். மெலிந்தபின் விற்பது பாதிக்கு விற்பதுதான். கென்யாவின் மார்சபிட்டில் 2010-ல் தொடங்கிய காப்பீட்டில், செயற்கைக்கோள் படத்தில் மேய்ச்சலின் பசுமை குறைந்தாலே இழப்பீடு வரும். செத்த ஆட்டைக் காட்ட வேண்டியதில்லை. உங்களுக்குக் கிடைப்பது சாதாரணக் காப்பீடு என்றால், ஆட்டின் காதில் போட்ட அடையாள வில்லை கழன்றால் உடனே தெரிவிப்பதும், செத்த ஆட்டைப் புதைக்கும் முன் மருத்துவரிடம் சான்று வாங்குவதும் முக்கியம். பெரும்பாலும் இந்த இரண்டில்தான் மனு தள்ளுபடியாகிறது.

எருவை மறக்காதீர்கள். பட்டியில் இரவு தங்கும் ஒரு ஆடு கால் கிலோவாவது போடும், எட்டு ஆட்டுக்கு வருடம் 700 கிலோவுக்கு மேல். உங்கள் நிலத்துக்கே போடுங்கள்.

அந்தக் கிழட்டு ஆடு. பல் தேய்ந்தால் தழையை அரைக்க முடியாது. தின்றும் மெலியும், பால் சுருங்கும், அடுத்த ஈற்றுக் குட்டி சவலையாகும். இப்போது குட்டி ஊட்டிக்கொண்டிருந்தால் மூன்று மாதம் ஆகும்வரை வைத்துக்கொண்டு, மறுபடி கிடா சேர்க்காமல், ஒரு மாதம் நல்ல தீனி போட்டு, கோடைக்கு முன் விற்றுவிடுங்கள். அதன் இடத்துக்கு வெளியில் தேட வேண்டாம். நீங்கள் விற்காமல் வைத்திருக்கும் அந்த மூன்றாவது குட்டி பெட்டையாக இருந்தால் அதையே நிறுத்துங்கள். தாயின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு வந்தபின் கிடா சேருங்கள், அதற்கு முன் வேண்டாம்.